ஆய்வுக்கு ஆள் கேட்டு வருகிறார்கள்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நாங்கள் டெல்டா பகுதியில் ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். குடியை விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை, வாரம் ஒரு கூட்டம், தேவைப்பட்டால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, இவ்வளவுதான் எங்கள் வேலை. இப்போது ஒரு மருத்துவக் கல்லூரி, எங்களைப் போன்ற சில அமைப்புகளைச் சேர்த்து வட்டார அளவில் சிகிச்சையும் ஆய்வும் ஒன்றாக நடத்த அழைக்கிறது. புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றும் வந்திருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: போடலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு விஷயத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. திட்டம் முடிந்த மறுநாள் என்ன நடக்கும்? இப்படிப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத்தான். அதன்பின் வண்டி திரும்பிப் போய்விடும், ஆலோசகரின் சம்பளம் நின்றுவிடும், கணினி கல்லூரிக்கே போய்விடும். குடியை விட்டவரும், விட்டுவிட்டு மறுபடி தொடங்கியவரும் உங்கள் தெருவில்தான் இருப்பார்கள். அவர்கள் வீட்டார் நள்ளிரவில் கதவைத் தட்டப்போவதும் உங்கள் வீட்டில்தான். ஆகவே ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். நான் சொல்லப்போகும் மற்ற எல்லாமே இதையொட்டித்தான்.

கூட்டு எதற்கு, நாமே பார்த்துக்கொள்ளலாமே என்று உங்கள் குழுவில் சிலர் சொல்லக்கூடும். டெல்லி எய்ம்ஸின் தேசிய போதைச் சிகிச்சை மையம் மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றதாகச் சொல்லியிருந்தார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மீதிப் பேரைத் தேடிப்போகும் ஆள்பலம் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு இல்லை. நீங்கள் தேடிப்போய்க் கண்டுபிடித்தாலும், குடியை நிறுத்தும்போது அவருக்கு வலிப்பு வந்தால் கையாளும் வசதி உங்களுக்கு இல்லை. கூட்டு தேவைதான். யார் யாருக்கு என்ன வேலை என்பதில்தான் சிக்கல்.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை, உங்கள் பகுதியிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989இல் அன்றைய ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டத்தின் மஞ்சக்குடியில் குடிநோயாளிகளுக்கு முகாம் நடத்தியது. பதினைந்து நாள் முகாம். மருத்துவரும் செவிலியரும் ஆலோசகர்களும் சென்னையிலிருந்து வந்தார்கள். இடம், சாப்பாடு, யாரைச் சேர்ப்பது, முகாம் முடிந்தபின் யார் போய்ப் பார்ப்பது ஆகியவற்றை உள்ளூர்க்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மனைவி, தாய் எனக் குடும்பத்தாரையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார்கள். அந்த அனுபவம் 1994இல் ‘அடிக்‌ஷன்’ என்ற சர்வதேச மருத்துவ இதழில் கட்டுரையாக வந்தது. ஒரு கிராமத்து முகாம் ஆய்விதழ் வரை போனதற்குக் காரணம் மருந்தில் புதுமை என்று நான் நினைக்கவில்லை, மருந்து எல்லா இடத்திலும் ஒன்றுதான். நோயாளியை ஊரே கொண்டுவந்து சேர்த்தது, ஊரே அவரைத் திரும்ப ஏற்றுக்கொண்டது. சென்னைக்கு வந்து ஒரு மாதம் படுத்துவிட்டுப் போகிறவருக்கு இந்த இரண்டும் கிடைப்பதில்லை.

ஆகவே உங்களுக்கு வந்திருக்கும் ஒப்பந்தத்தில் உங்கள் பங்கு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘பங்கேற்பாளர்களைத் திரட்டித் தருதல்’ என்று மட்டும் இருந்தால் உங்களைப் பந்தல் போடும் காண்டிராக்டராகத்தான் நினைத்திருக்கிறார்கள். எந்தக் கேள்வியை ஆராய்வது என்று முடிவுசெய்யும் குழுவில் உங்களுக்கு நாற்காலி வேண்டும், வாக்கும் வேண்டும். இது பேராசையில்லை. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 1998இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பல்கலைக்கழகங்கள் கண்டுபிடிப்பது ஊர்ச் சிகிச்சை மையங்களுக்குப் போய்ச்சேரவில்லை, அந்த மையங்களின் நடைமுறைச் சிக்கல்கள் பல்கலைக்கழகங்களின் காதில் விழவில்லை என்பது அதன் சாரம். அதையொட்டி 1999இல் அந்நாட்டின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் ‘கிளினிக்கல் டிரையல்ஸ் நெட்வொர்க்’ என்ற அமைப்பைத் தொடங்கியது. வட்டாரத்துக்கு ஒரு பல்கலைக்கழகம், அதனோடு பல ஊர்ச் சிகிச்சை மையங்கள். வழிநடத்தும் குழுவில் பேராசிரியர்களோடு சிகிச்சை மையங்களின் பிரதிநிதிகளுக்கும் இடம் கொடுத்தார்கள். கால் நூற்றாண்டுக்கு முன்பே அங்கே ஒப்புக்கொண்ட ஏற்பாட்டைத்தான் நீங்கள் இங்கே கேட்கிறீர்கள்.

எந்தக் கேள்வியை ஆராய்வது? இதில் உங்களுக்கும் கல்லூரிக்கும் உரசல் வரும். முதுநிலை மாணவர்களுக்குப் பட்ட ஆய்வேட்டுக்குத் தலைப்பு வேண்டும், ஆகவே ‘இந்த ஒன்றியத்தில் எத்தனை சதவீதம் பேர் குடிக்கிறார்கள்’ என்று கணக்கெடுக்கலாம் என்பார்கள். எண்ணிக்கை எடுத்து எடுத்து நமக்கே அலுத்துவிட்டது. உங்கள் பகுதிக்குத் தேவையான கேள்விகள் வேறு. முகாமுக்கு வந்தவர் ஆறாவது மாதம் எங்கே சறுக்குகிறார்? ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரே முதல் ஆலோசனையைத் தர முடியுமா? விடியற்காலையில் கடைக்குப் பின்னால் நிற்கும் சுமைதூக்கும் தொழிலாளியை எந்த நேரத்தில் பார்த்தால் பேசுவார்? இதில் ஒன்றையாவது ஆய்வின் மையமாக வைக்கச் சொல்லுங்கள்.

செவிலியர் கேள்விக்கு வேறு மாநிலத்தில் பதில் தேடலாம். கோவாவில் 1996இல் தொடங்கப்பட்ட சங்கத் என்ற தொண்டு நிறுவனம், லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடும் மாநில அரசின் ஆரம்ப சுகாதார நிலையங்களோடும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தியது. முடிவுகள் 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்தன. பத்து சுகாதார நிலையங்கள், தீங்கு தரும் அளவுக்குக் குடிக்கும் 377 ஆண்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதிக்கு அதோடு அதிகபட்சம் நான்கு அமர்வு ஆலோசனை. ஆலோசனை தந்தவர்கள் மனநலத் துறையில் எந்தப் பட்டமும் இல்லாத உள்ளூர் இளைஞர்கள், பயிற்சி மட்டும் பெற்றவர்கள். மூன்று மாதம் கழித்து, கடைசி இரண்டு வாரமாகக் குடிக்கவே இல்லை என்றவர்கள் ஆலோசனை பெற்ற குழுவில் 42 சதவீதம், மற்றதில் 18 சதவீதம். இன்னொன்றையும் அவர்கள் மறைக்காமல் எழுதியிருந்தார்கள்: குடியைத் தொடர்ந்தவர்கள் குடித்த அளவு குறையவில்லை. அதாவது ஆலோசனை சிலரை நிறுத்த வைத்தது, மற்றவர்களைக் குறைக்க வைக்கவில்லை. இப்படித் தன் குறையையும் சேர்த்துச் சொல்லும் ஆய்வைத்தான் நம்பலாம்.

கோவாவிலிருந்து நீங்கள் கற்க வேண்டியது அந்தச் சதவீதத்தைவிட ஒரு நடைமுறையை. ஆலோசகர்களின் அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, வாரந்தோறும் அவர்களே கூடி உட்கார்ந்து கேட்டு, ஒருவர் வேலைக்கு ஒருவர் மதிப்பெண் போட்டார்கள். பெரிய டாக்டர் வந்து திருத்தும்வரை காத்திருக்கவில்லை. கல்லூரிப் பேராசிரியர் மாதம் ஒருமுறை வந்து தேநீர் குடித்துவிட்டுப் போவதைக் ‘கண்காணிப்பு’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அந்த வரியை அடித்துவிட்டு இதை எழுதச் சொல்லுங்கள். நோயாளியின் சம்மதத்தோடுதான் ஒலிப்பதிவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்விப் பட்டியலைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துவார்கள். மொத்தம் 40 மதிப்பெண். எட்டைத் தொட்டால் எச்சரிக்கை, 20ஐத் தொட்டால் அநேகமாக அடிமை நிலை. இரண்டாவது கேள்வி, குடிக்கும் நாளில் எத்தனை ‘டிரிங்க்’ குடிப்பீர்கள் என்பது. ஒரு டிரிங்க் என்றால் பத்து கிராம் சாராயச் சத்து. நம்மவர் பதில்: “தெனம் ஒரு குவாட்டர்தான் சார்.” பயிற்சி மாணவர் ‘ஒன்று’ என்று குறித்துக்கொள்வார். டாஸ்மாக் பிராந்தி 42.8 சதவீதம், 180 மில்லியில் ஏறத்தாழ 61 கிராம் சாராயம் இருக்கிறது. அதாவது ஒரு குவாட்டர் ஆறு டிரிங்க். கட்டிங் போட்டவர் மூன்று. விளைவைப் பாருங்கள். தினமும் ஒரு குவாட்டர் குடிப்பவருக்கு முதல் மூன்று கேள்விகளில் சரியாகக் கணக்கிட்டால் பத்து மதிப்பெண் வரும். ‘ஒன்று’ என்று குறித்தால் நான்குதான் வரும். முதல் மூன்று கேள்வியிலேயே எச்சரிக்கை எல்லையைத் தாண்ட வேண்டிய ஆள், அதில் பாதிக்கு நின்றுவிடுகிறார். இதைக் கண்டுபிடிக்க எம்.டி. படித்திருக்கத் தேவையில்லை, உங்கள் களப்பணியாளர் ஒருவர் போதும். குவாட்டர், கட்டிங், பீர், கள் என ஒவ்வொன்றுக்கும் எத்தனை டிரிங்க் என்று படத்தோடு ஓர் அட்டை தயாரிக்கச் சொல்லுங்கள். வினாத்தாள் உங்கள் ஆட்களின் கைப்பட்டுத் திருந்தாமல் களத்துக்குப் போகக்கூடாது என்று நிபந்தனை வையுங்கள்.

பின்தொடரும் தேதிகளிலும் உங்கள் ஊரறிவு வேண்டும். மூன்று மாதக் கணக்கு பொங்கல் வாரத்திலோ ஊர்த் திருவிழாவிலோ விழுந்தால், எந்தச் சிகிச்சையும் தோற்றுப்போனதாகத்தான் தெரியும். சம்பா அறுவடை முடிந்ததும் பலர் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள். சிம் கார்டு மாறிவிடும். ஆகவே சேரும்போதே அவர் எண்ணோடு, அவர் சம்மதத்தின் பேரில், மனைவி அல்லது அண்ணன், நம்பும் ஒரு நண்பர் என இரண்டு எண்கள் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போவதென்றால் காலை ஆறு மணிக்கு முன்னால் போக வேண்டும். பத்து மணிக்குச் சீருடையோடு போய் நின்றால் வீட்டில் கிழவிதான் இருப்பார், தெருவும் வேடிக்கை பார்க்கும்.

காணாமல் போனவர்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுத்தில் முடிவுசெய்துவிடுங்கள். நூறு பேரில் நாற்பது பேரைத்தான் ஓராண்டு கழித்துக் கண்டுபிடித்தீர்கள், அதில் முப்பத்திரண்டு பேர் குடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ‘எண்பது சதவீத வெற்றி’ என்று ஃபிளெக்ஸ் அடிக்கலாம். ஆனால் கண்ணில் படாமல் ஒதுங்கிய அறுபது பேரில் பலர் மறுபடி குடிப்பதால்தான் ஒதுங்குகிறார்கள். தெரியாதவர்களை எல்லாம் மீளாதவர்களாகவே எடுத்துக்கொண்டால் வெற்றி 32 சதவீதம். குடிநோயில் 32 சதவீதம் சாதாரண வெற்றியில்லை, அதைத் தைரியமாகச் சொல்லலாம். எந்த மறுவாழ்வு மையம் 80, 90 என்று விளம்பரம் செய்தாலும், எத்தனை பேரில், எத்தனை மாதம் கழித்து என்று கேட்டுப் பழகுங்கள்.

அடுத்தது பாதுகாப்பு. தினமும் அதிகம் குடிக்கும் ஒருவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை உதறும், வியர்க்கும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிலருக்கு மனக்குழப்பம் வந்து, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். இதைக் ‘காத்துக் கருப்பு’ என்று மந்திரிக்கக் கூட்டிப் போவதில் உயிர் போயிருக்கிறது. உடல்நிலை தெரியாத ஒருவரை முகாமில் முதல் இரவு படுக்க வைக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள், எந்த மருத்துவமனை எத்தனை நிமிடத்தில், வண்டி யாருடையது, இரவில் யார் ஓட்டுவார்? இதற்கெல்லாம் கல்லூரி எழுத்தில் பதில் தர வேண்டும். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்கள், மஞ்சள் காமாலை உள்ளவர்கள், பல வகைப் போதையைச் சேர்த்துப் பயன்படுத்துபவர்கள் ஆகியோருக்கு ஊர் முகாம் வேண்டாம், நேராக மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கோவா ஆய்வுகூட ஆடிட் மதிப்பெண் 12 முதல் 19 வரை உள்ளவர்களைத்தான் எடுத்துக்கொண்டது. அதில் வெற்றி கண்ட நான்கு அமர்வு ஆலோசனையை முற்றிய குடிநோயாளிக்கும் அப்படியே பொருத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி கையிருப்பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மலிவான மருந்துதான். ஆனால் அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

குடும்பத்தினர் உங்களிடம் வந்து, ‘அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் மாத்திரை’ கேட்பார்கள். குடித்தால் ஒவ்வாமல் போகும் டைசல்பிராம் மாத்திரைதான் அது. மறைத்துக் கொடுத்து, அவர் வழக்கம்போல் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். கூட்டில் சேரும் எந்த அமைப்பும் இதைச் செய்யக்கூடாது என்று ஒரு விதி இருக்கட்டும். வால்போஸ்டர் மருத்துவர்களைத் தடுக்க உங்களால் முடியாது, உங்கள் கூரையின் கீழ் நடக்காமல் பார்த்துக்கொள்ள முடியும்.

சம்மதம் வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நெறிமுறைக் குழு பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பீர்கள். குழு பார்ப்பது காகிதத்தை. களத்தில் நிற்பது நீங்கள். போதையில் இருக்கும்போதோ, கை உதறும்போதோ வாங்கிய கையெழுத்து சம்மதமே இல்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, தெளிந்தபின் மறுபடி விளக்கி வாங்குங்கள். மனைவியின் கையெழுத்து கணவனின் சம்மதம் ஆகாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மதுவாலும் போதையாலும் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. ஆய்வுக்குச் சுதந்திரமான, தெரிந்து தரும் சம்மதம் கட்டாயம் என்று அதன் 99ஆம் பிரிவு சொல்கிறது. இதே சட்டத்தின்படி ஆட்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கூட்டில் உங்களோடு சேரும் மற்ற அமைப்புகளில் யாராவது பதிவில்லாமல் ஆட்களைப் பூட்டி வைத்திருந்தால், அந்தப் பழி உங்கள் பெயரிலும் ஒட்டும். முதல் கூட்டத்துக்கு முன்பே சான்றிதழைக் கேளுங்கள்.

‘ஆய்வில் சேர மறுத்தாலும் சிகிச்சை உண்டு’ என்ற வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் தமிழில் போட்டு, நோயாளி கையில் ஒரு படி கொடுங்கள். புகைப்படம் கூடாது. தொடக்க விழாவில் எம்.எல்.ஏ.வுக்குப் பக்கத்தில் பத்துப் பேரை நிறுத்தி எடுத்த படம் மறுநாள் செய்தித்தாளில் வந்தால், பதினோராவது ஆள் வரமாட்டார். ஆய்வுக் கட்டுரையில் பெயர் இல்லை என்பதும் போதாது. ‘நாற்பத்தைந்து வயது, இரண்டு திருமணம், முன்னாள் ஊராட்சித் துணைத்தலைவர்’ என்று எழுதினால் உங்கள் ஒன்றியத்தில் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். கஞ்சா, வலி மாத்திரை பயன்படுத்தும் இளைஞர்கள் உங்களிடம் வந்தால் காவல்துறைப் பயம் இன்னும் அதிகம் இருக்கும். தானே முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்குப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு சில நிபந்தனைகளோடு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. அதன் நிபந்தனைகளை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துவையுங்கள்.

பணம். இங்கேதான் நல்ல கூட்டுகள் உடைகின்றன. முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். வெளிநாட்டு நிதி என்றால் 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே நிற்கும். ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித்தர அந்தத் திருத்தத்துக்குப்பின் வழியில்லை. வெளிநாட்டு நிதி பெறுவதற்கான பதிவு உங்களிடம் இருந்தாலும் இதே நிலைதான். கல்லூரியில் யாராவது ‘பணம் எங்களுக்கு வரட்டும், உங்களுக்குப் பிரித்துத் தருகிறோம்’ என்றால், அவருக்கு இந்தத் திருத்தம் தெரியவில்லை என்று பொருள். மேலும் வெளிநாட்டு ஒத்துழைப்போடு நடக்கும் சுகாதார ஆய்வுக்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதியும் வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். உள்நாட்டு நிதி என்றால் இந்தத் தலைவலி குறைவு.

பட்ஜெட்டில் நான் முதலில் தேடும் வரி உள்ளூர் ஆலோசகரின் சம்பளம். பல திட்டங்களில் ஆராய்ச்சி உதவியாளருக்கு மாதச் சம்பளம் இருக்கும், உங்கள் பணியாளருக்கு ‘ஒரு நோயாளிக்கு இவ்வளவு’ என்று இருக்கும். ஆளுக்கு இவ்வளவு என்று பேசினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, லேசாகக் குடிப்பவரெல்லாம் குடிநோயாளி ஆவார். மாதச் சம்பளம், இரு சக்கர வாகனத்துக்குப் பெட்ரோல், தொலைபேசிச் செலவு, குடியை விட்டவர்களின் வாரக் கூட்டத்துக்கு டீச்செலவு, திட்டம் முடிந்தபின் குறைந்தது ஓராண்டு பின்தொடரும் செலவு. இந்தக் கடைசி வரியைக் கேட்டதும் கல்லூரி நிதி அலுவலர் தலையைச் சொறிவார். விடாதீர்கள்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2019இல் ‘ஹீலிங் கம்யூனிட்டீஸ்’ என்ற பெரும் திட்டம் தொடங்கியது. கென்டக்கி, மாசசூசெட்ஸ், நியூயார்க், ஓஹையோ ஆகிய நான்கு மாநிலங்களில் 67 பகுதிகள். ஓபியாய்டு போதையால் வரும் மரணங்களை 40 சதவீதம் குறைப்பது இலக்கு. 2024இல் முடிவு வந்தபோது, திட்டம் நடந்த பகுதிகளுக்கும் நடக்காத பகுதிகளுக்கும் மரணங்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. கொரோனாவும், சந்தையில் பெருகிய ஃபென்டனிலும் குறுக்கிட்டன என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பகுதிகள் தேர்ந்தெடுத்த 615 நடவடிக்கைகளில் 38 சதவீதம்தான் கணக்கெடுக்கும் காலம் தொடங்குமுன் நடைமுறைக்கு வந்திருந்தன. எவ்வளவு பணம் இருந்தாலும் ஊரைக் கூட்டி, நம்பிக்கை பெற்று, ஆள் எடுத்துப் பயிற்சி தர நேரம் பிடிக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் முதல் மாதமே நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்குவதாக அட்டவணை இருந்தால், முதல் ஆறு மாதத்தைத் தயாரிப்புக்கு ஒதுக்கி மாற்றச் சொல்லுங்கள்.

இனி, திட்டம் முடிந்த மறுநாள் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். கல்லூரி போனபின் சிகிச்சையைத் தாங்கிப் பிடிக்க ஒரே இடம் அரசு சுகாதாரக் கட்டமைப்புதான். மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வட்டார மருத்துவமனைகளுக்கு வருகிறார். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலப் பெண்கள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டு வீட்டுக்கே போகிறார்கள். அவர்கள் படியேறும் வீடுகள் பலவற்றில் குடிக்கும் ஆள் ஒருவர் இருப்பார் என்பது களத்தில் இருக்கும் யாருக்கும் தெரியும். கலங்கரை என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்கள் 2025இல் திறக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் ஒப்பந்தத்தில் கல்லூரி, அறக்கட்டளை என்ற இரண்டு கையெழுத்துகளோடு மாவட்ட சுகாதார அலுவலரின் கையெழுத்தும் வேண்டும். அவரிடம் மூன்று விஷயங்களுக்கு ஒப்புதல் வாங்குங்கள்: வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் தயமினும் கைநடுக்கத்துக்கான மருந்தும் எப்போதும் கையிருப்பில் இருக்கும், இரண்டு செவிலியர்களாவது ஆலோசகர் பயிற்சியில் முழுமையாகக் கலந்துகொள்வார்கள், திட்டம் முடியும்போது நோயாளிகளின் தொடர்சிகிச்சைப் பதிவேடு, அவர்கள் சம்மதத்தோடு, சுகாதார நிலையத்தில் ஒப்படைக்கப்படும். முதல் கூட்டத்துக்கு அவர் வரமாட்டார், ‘பார்க்கலாம்’ என்பார். அவர் வரும்வரை தொடக்க விழாத் தேதியைக் குறிக்காதீர்கள்.

முடிவுகள் யாருக்குச் சொந்தம் என்பதையும் பேசிவிடுங்கள். ஆய்வில் ஆலோசனையோ மருந்தோ கொடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதாக இருந்தால், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப் பதிவேட்டில் அதைப் பதிந்தாக வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பின்தேதியிட்டுப் பதிய முடியாது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி உங்கள் கோப்பில் வையுங்கள். முடிவு பாதகமாக வந்தாலும் வெளியிடப்படும் என்று எழுதச் சொல்லுங்கள். கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் உங்கள் களப்பணியாளர் பெயரும் வர வேண்டும், நன்றியுரையில் ஒரு வரி போதாது. கடைசியாக, ஆங்கில இதழில் கட்டுரை வெளிவந்த சில மாதங்களுக்குள் உங்கள் ஊரில் கூட்டம் போட்டுத் தமிழில் என்ன கண்டோம் என்று சொல்ல வேண்டும். சமுதாயக் கூடத்தில், பங்கேற்றவர்கள் வீட்டுப் பெண்கள் கேள்வி கேட்கும்படியாக. ‘எங்க வீட்டுக்காரருக்கு ஏன் பலிக்கல?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்க்கும்போதுதான் பேராசிரியருக்கு அடுத்த ஆய்வுக்குத் தலைப்பு கிடைக்கும்.

இத்தனையும் கேட்டால் கல்லூரிக்காரர்கள் ஓடிவிடுவார்களோ என்று தயங்காதீர்கள். நெறிமுறைக் குழுக்களில் உட்கார்ந்து பார்த்ததில் சொல்கிறேன்: அக்கறையுள்ள ஆய்வாளருக்கு இந்தக் கேள்விகள் தொந்தரவாக இருப்பதில்லை, ‘நல்லவேளை கேட்டீர்கள்’ என்று குறித்துக்கொள்வார். எரிச்சல்படுபவரோடு மூன்று ஆண்டு குப்பை கொட்ட முடியாது என்பது இப்போதே தெரிந்துவிடுவது நல்லதுதான்.

என் தீர்ப்பு இது. முடிவெடுக்கும் குழுவில் இடம், அவசரச் சிகிச்சை ஏற்பாடு, திட்டம் முடிந்தபின் ஓராண்டுக்கான பொறுப்பு ஆகிய மூன்றும் எழுத்தில் வந்தால் கையெழுத்துப் போடுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் போடாதீர்கள். அப்போது, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரைப் பார்த்து, செவிலியர் பயிற்சியையும் உங்கள் வாரக் கூட்டத்தையும் மட்டும் இணைத்துத் தொடங்குங்கள். ஆய்வு அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும், குடிநோயாளி காத்திருக்க மாட்டார். இதற்கிடையில் உங்களிடம் வரும் குடும்பங்களுக்கு இரண்டு இலவச எண்களைச் சொல்லிவையுங்கள்: போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416.